எந்த பாஸ்ல போறீங்க?

நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஒரு வீட்டுக்கு மாடி எழும்பினால் போதும், "பையன் சிங்கப்பூர்ல இருக்கானா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். குன்னம், வேப்பந்தட்டை, செந்துறை, ஜெயங்கொண்டம் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே கதைதான். ஃபைனல் இயரில் பிளேஸ்மென்ட் கையை விரித்ததும் நம்மில் பல பேருக்கு ஞாபகம் வருவதும் அந்த ஊர்தான். போகாதீங்கன்னு சொல்ல நான் இதை எழுதல. ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: எந்த பாஸ்ல போறோம்?

சிங்கப்பூர் ஜெயித்த ஊர், சந்தேகமே இல்லை. 1965-இல் தனி நாடானபோது குடிதண்ணீருக்கே மலேசியாவை நம்பியிருந்தது. இன்று குடியிருப்பவர்களில் பத்தில் எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். 55 வயதுக்கு உட்பட்ட ஊழியருக்குச் சம்பளத்தில் 37 சதவீதம் வரை மத்திய சேமநிதியில் சேர்கிறது. அதில் 17 சதவீதம் முதலாளி போடுவது. தமிழ் அங்கே ஆட்சிமொழி. கேட்கவே நல்லா இருக்குல்ல?

ஆனால் அந்த வீடும் சேமநிதியும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். வொர்க் பெர்மிட்டில் போகிறவருக்குச் சேமநிதி கிடையாது, குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது, நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. கட்டுமான வேலைக்கு நம்ம ஆள் ஒருத்தரை வைத்துக்கொள்ள, திறன் நிலையைப் பொறுத்து மாதம் 500 அல்லது 900 வெள்ளி லெவி கட்டுகிறது கம்பெனி. அது அரசாங்கத்துக்குப் போகிற பணம், அவர் கையில் ஒரு காசு வராது. 2020-இல் கொரோனா வந்தபோது இந்தப் பிரிவினை உலகத்துக்கே தெரிந்தது. தொழிலாளர் விடுதிகளில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்த வருடக் கடைசிக்குள் தொற்று வந்துவிட்டது. வெளியே நகரத்தில் அது மிகக் குறைவு.

இதில் நமக்கு என்ன? நிறைய இருக்கு. பி.இ. முடித்துவிட்டு, ஸ்கில் டெஸ்ட் அடிச்சு, கம்பி கட்டவும் டைல்ஸ் ஒட்டவும் பெர்மிட்டில் போகிறவர்கள் நம்ம சீனியர்களிலேயே உண்டு. அந்த வேலை கேவலம் இல்லை, அந்த ஊரைக் கட்டியதே அந்தக் கைகள்தான். ஆனால் நாலு வருஷப் படிப்புக்குக் கல்விக் கடன், அந்தப் படிப்பே கேட்காத வேலைக்கு இன்னொரு கடன் என்றால், முதல் சில வருடச் சம்பளம் வட்டிக்குத்தான் போகும்.

"இங்க சும்மா இருக்கிறதுக்கு அது மேல்தானே?" என்பீர்கள். நியாயமான கேள்விதான். அரியலூரில் சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலைகளும் இருக்கு, பெரம்பலூரில் டயர் ஆலை இருக்கு. இருந்தும் படிச்ச எல்லாருக்கும் இங்கே வேலை இல்லை. அதனால் போவது தப்பில்லை, கண்ணைக் கட்டிக்கொண்டு போவதுதான் தப்பு.

கணக்கைப் பாருங்க. 2025 நிலவரப்படி புதிதாக எஸ் பாஸ் வாங்கக் குறைந்தது 3,300 வெள்ளி சம்பளம் இருக்கணும், இ பாஸுக்கு 5,600. உங்களுக்குச் சொல்லும் சம்பளம் இதற்குப் பக்கத்திலேயே வரவில்லை என்றால், ஏஜென்ட் வாயால் என்ன சொன்னாலும் அது பெர்மிட்தான். இந்தியச் சட்டப்படி பதிவுபெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்டால், "ரசீது தருவீங்களா?" என்று கேட்டுப் பாருங்க, பேச்சு மாறும். ஐபிஏ கடிதம் கைக்கு வந்ததும் அடிப்படைச் சம்பளம், பிடித்தம் இரண்டையும் வரி வரியாகப் படிங்க. அந்தக் கடிதம் உண்மையா என்பதைச் சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம்.

நம்ம அப்பா, மாமா காலத்தில் இதையெல்லாம் சரிபார்க்க வழியே இல்லை. ஏஜென்ட் சொன்னதுதான் வேதம். நமக்குக் கையில் போன் இருக்கு, படிக்கத் தெரியும். அம்மா நகையை அடகுக் கடைக்கு எடுத்துப் போவதற்கு முன்னாடி பத்து நிமிஷம் செலவு பண்ணுங்க. ஊருக்குள் கிளம்பத் தயாராக இருக்கிற பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் அதைப் பார்த்துக் கொடுங்க. நம்ம இன்ஜினியரிங் படிப்பு முதலில் அதற்காவது உதவட்டும்.