விடுப்பே எடுக்காதவருக்கு விருதா?

தில்லியை அடுத்த குர்கானிலும் நொய்டாவிலும் நள்ளிரவிலும் அலுவலக மாடிகளில் விளக்கெரிவது புதிதல்ல. வேலை முடிந்த பிறகும் இருக்கையை விட்டெழ மனமில்லாத ஊழியர்களும் அங்கே உண்டு. இதை உழைப்பு என்று பாராட்டுவதா, போதை என்று எச்சரிப்பதா?

இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023-இல் கூறினார் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி. எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் 90 மணி நேரம் என்று பேசியது 2025 ஜனவரியில் வெளியானது. ஆனால், வாரத்துக்கு 55 மணி நேரத்துக்கு மேல் உழைப்போருக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-லேயே எச்சரித்துவிட்டன.

இதைத் தடுக்கும் பொறுப்பு மனிதவளப் பிரிவுக்கு உண்டு. யார் எப்போது வந்தார், எப்போது சென்றார், எவ்வளவு விடுப்பு மீதமிருக்கிறது என்ற கணக்கெல்லாம் அதனிடமே இருக்கிறது. ஆனால், அந்தப் பதிவேடு தாமதமாக வருபவரைக் கண்டிக்கவே பயன்படுகிறது. வீட்டை மறந்தவருக்கோ ஆண்டு விழாவில் விருது காத்திருக்கிறது! விருதை ஒரு கையால் வழங்கிவிட்டு, மறு கையால் யோகா வகுப்புக்கு அழைப்பதில் என்ன பயன்?

வழி இல்லாமல் இல்லை. முக்கியப் பொறுப்புகளில் உள்ள வங்கி ஊழியர்களை ஆண்டுதோறும் குறைந்தது 10 வேலை நாள்கள் தொடர்ச்சியாகக் கட்டாய விடுப்பில் அனுப்புமாறு ரிசர்வ் வங்கி 2021-இல் உத்தரவிட்டது. முறைகேடுகளைத் தடுப்பதே அதன் நோக்கம். பணத்தைக் காக்க இயலும் ஏற்பாடு, மனிதரைக் காக்க இயலாதா? எந்த ஒருவர் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும் என்ற ஒழுங்கையும் அது நிறுவனத்துக்குக் கற்றுத்தரும்.

ஆர்வத்துடன் உழைப்பவரை ஏன் தடுக்க வேண்டும் என்று கேட்கலாம். அவர் அதிகாரியானால், நள்ளிரவில் அவர் அனுப்பும் மின்னஞ்சலுக்கு அவருக்குக் கீழுள்ள அனைவரும் விழித்திருந்து பதில் அனுப்ப வேண்டியிருக்கும். ஒருவரின் பழக்கம் பலரின் தண்டனையாகிறது. எனவே, தமது குழுவினர் உரிய விடுப்பை எடுத்தார்களா என்பதையும் அதிகாரிகளின் பதவி உயர்வுக்கான மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும்.

அலுவலகத்தில் கழித்த மணிக்கணக்கு அல்ல, முடித்த வேலையே உழைப்பின் அளவுகோல். ஊழியர் மயங்கி விழுந்த பிறகு மருத்துவமனைக்கு மலர்க்கொத்து அனுப்புவதல்ல மனிதவளம். உரிய நேரத்தில் அவரை வீட்டுக்கு அனுப்புவதே மனிதவளம்.