விளக்கம் கேட்காமல் ஒரு படம் பார்ப்போமா?

பதின்ம வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்க ஒரு தமிழ்ப் படம் தேடினால், அடிதடியும் குத்துப்பாட்டும்தான் முதலில் வந்து நிற்கும். இந்த முறை கொஞ்சம் வேற மாதிரி ஒன்று சொல்கிறேன்: லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கிய ‘நண்பகல் நேரத்து மயக்கம்’. 2023 ஜனவரியில் தியேட்டருக்கு வந்த மலையாளப் படம். பயப்படாதீங்க, பெரும்பகுதி தமிழிலேயே நடக்கிறது.

கதை இதுதான். வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு ஒரு மலையாள நாடகக் குழு பஸ்ஸில் ஊர் திரும்புகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாருக்கும் நல்ல தூக்கம். ஜேம்ஸ் (மம்மூட்டி) திடீரென்று பஸ்ஸை நிறுத்தி இறங்கி, வயல் வழியே நடந்து, ஒரு தமிழ்க் கிராமத்து வீட்டுக்குள் நுழைகிறார். மாட்டுக்குத் தீனி வைக்கிறார். சரளமாகத் தமிழ் பேசுகிறார். இரண்டு வருஷத்துக்கு முன் காணாமல் போன அந்த வீட்டுச் சுந்தரமாகவே நடந்துகொள்கிறார். கூட வந்த மனைவியும் மகனும் திகைத்து நிற்கிறார்கள்.

பேயா? நடிப்பா? படம் சொல்லாது. சர்ரியல் படங்களின் குணம் இது. கனவு காணும்போது நாம் ‘ஏன்’ என்று கேட்பதில்லையே, அப்படி.

மொழி மாறும்போது ஆளும் கொஞ்சம் மாறுவது நம் வீடுகளில் தினமும் நடப்பதுதான். ஸ்கூலில் ஒரு பிள்ளை, அம்மம்மாவோடு போனில் இன்னொரு பிள்ளை. நாமும் அப்படித்தானே வளர்ந்தோம்? இதை நேரே கேட்டால் ‘தெரியாது’ என்று அறைக்குள் போய்விடுவார்கள். படம் முடிந்ததும், “அந்த மகனோட இடத்தில நீ இருந்தா என்ன செய்வாய்?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பேச்சு தானாக வரும்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: கேமரா அதிகம் அசையாது. பின்னணி இசைக்குப் பதில் டிவியில் ஓடும் பழைய தமிழ்ப் படங்களின் வசனமும் பாட்டும்தான்.

பிடித்துவிட்டதா? அடுத்தது பீட்டர் வியரின் ‘பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்’ (1975). 1900ஆம் ஆண்டு காதலர் தினத்தன்று சுற்றுலா போன மாணவிகள் சிலரும் ஒரு ஆசிரியையும் பாறைகளுக்குள் மறைந்துபோகிறார்கள். காரணம் கடைசிவரை இல்லை. உண்மைச் சம்பவம் என்று பலர் நம்பினாலும், இது ஜோன் லிண்ட்சே எழுதி 1967இல் வெளியான நாவல். அந்தப் பாறை மெல்பனிலிருந்து காரில் ஒரு மணி நேரம்தான். படம் பார்த்துவிட்டு ஒருநாள் ஏறிப் பாருங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ (2001). பெரியவர்களுக்கு, இறந்தவர்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்காரும் தாய்லாந்துப் படம் ‘அங்கிள் பூன்மீ’. 2010இல் கான் விழாவின் தங்கப் பனை வாங்கியது.

எங்கே பார்ப்பது? எஸ்பிஎஸ் ஆன் டிமாண்ட் இலவசம். கனோப்பியைப் பார்க்க பல நூலகங்களின் அட்டையே போதும். பெரிய திரை வேண்டுமென்றால் மெல்பனில் ஃபெடரேஷன் சதுக்கத்து ஆக்மி. ஜூனில் சிட்னி திரைப்பட விழா, ஆகஸ்டில் மெல்பன் விழா. எம்ஏ15+ போட்டிருந்தால் முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள். இந்த வகைப் படங்களில் சில நிஜமாகவே பயங்கரமானவை.

பார்த்த பிறகு பிள்ளை என்ன சொன்னது என்று எழுதுங்க. ‘ஒண்டும் விளங்கேல்ல’ என்றாலும் பரவாயில்லை.