புலிப்பால் பரிமாறும் ஊர்!
தட்டில் ஓர் ஊர்: லிமா, பெரு

இரவு எட்டு மணி. பசிபிக் கடலைப் பார்த்தபடி செங்குத்தான மேட்டின் மேல் இருக்கிறது, லிமா நகரின் பர்ராங்கோ பகுதி. இங்கே பழைய காலத்துப் பெரிய வீடுகள் பலவும் இப்போது உணவகங்கள். பார் மேடைக்குப் பின்னால் நிற்பவர் ஒரு குவளையைத் தலைக்கு மேல் தூக்கிக் குலுக்குகிறார். மேசைக்கு முதலில் வருவது வறுத்த சோளம். பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாக மேசைகள் நிறைகின்றன. பத்து மணிக்கும் கதவு திறந்தபடியே இருக்கிறது.

இன்று உலகச் சாப்பாட்டுப் பிரியர்கள் விமானம் ஏறி வரும் ஊர் இது. 2023-ல் 'உலகின் சிறந்த 50 உணவகங்கள்' பட்டியலில் லிமாவின் 'சென்ட்ரல்' முதலிடம் பிடித்தது. தென் அமெரிக்க உணவகம் ஒன்று அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல்முறை. 2025-ல் மறுபடியும் லிமாதான். இந்த முறை 'மைதோ'.

ஆனால், இதே லிமாவில் ராத்திரி வெளியே போய்ச் சாப்பிடுவதே பயமாக இருந்த ஒரு காலம் உண்டு. அதுவும் ரொம்பப் பழைய கதை இல்லை.

இருட்டில் இருந்த நகரம்

1980 முதல் 2000 வரை பெருவில் 'ஒளிரும் பாதை' என்ற ஆயுதக்குழுவுக்கும் அரசுப் படைகளுக்கும் நடந்த மோதலில் சுமார் 69,000 பேர் உயிரிழந்திருக்கலாம் என்று உண்மை அறியும் ஆணையம் கணக்கிட்டது. பெரும்பாலானோர் மலைக் கிராம மக்கள். போதாக்குறைக்கு, 1990-ல் பணவீக்கம் 7,000 சதவிகிதத்தைத் தாண்டியது. காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை.

1991-ல் காலரா வந்தது. ஒரே ஆண்டில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, சுமார் 2,900 பேர் இறந்தார்கள். பச்சை மீன் சாப்பிட மக்கள் பயந்தார்கள். மீனவர்களின் பிழைப்பு போனது. பயத்தைப் போக்குகிறேன் என்று அதிபர் ஃபுஜிமோரியே கேமரா முன்னால் பச்சை மீன் சாப்பிட்டுக் காட்டினார்.

1992 பிப்ரவரி 15. லிமாவின் தெற்குப் பக்கம், உழைக்கும் மக்கள் வாழும் வியா எல் சல்வதோர் பகுதி. அங்கே பெண்களைத் திரட்டி, பொதுச் சமையற்கூடங்களையும் குழந்தைகளுக்கு ஒரு டம்ளர் பால் தரும் திட்டத்தையும் நடத்தியவர்களில் முக்கியமானவர் மரியா எலேனா மொயானோ. ஆயுதக்குழுவின் மிரட்டலை வெளிப்படையாக எதிர்த்தவர். நிதி திரட்டுவதற்காக ஊர்க்காரர்கள் சேர்ந்து கோழி பொரித்துப் பரிமாறிக்கொண்டிருந்த விருந்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 33.

அதே ஆண்டு ஜூலை 16 இரவு, வசதியானவர்கள் வசிக்கும் மிராஃப்ளோரெஸின் தராதா தெருவில் கார் குண்டு வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செப்டம்பரில் அந்தக் குழுவின் தலைவர் பிடிபட்டார். நகரம் மெல்ல மூச்சுவிட ஆரம்பித்தது.

வக்கீலாக அனுப்பினால் சமையல்காரராக வந்தார்

1994-ல் அதே மிராஃப்ளோரெஸில் ஓர் இளம் தம்பதி சின்னதாக உணவகம் திறந்தார்கள். கணவர் கஸ்தோன் அகூரியோ, அரசியல்வாதி ஒருவரின் மகன். சட்டம் படிக்க ஸ்பெயினுக்கு அனுப்பினால், வீட்டுக்குத் தெரியாமல் சமையல் படிப்புக்கு மாறிவிட்டார். மனைவி ஆஸ்த்ரித் குட்ஷே, ஜெர்மனிக்காரர். பாரிஸில் சமையல் படிக்கும்போது சந்தித்துக்கொண்டவர்கள். இருவரின் பெயரிலுமே உணவகம்: 'ஆஸ்த்ரித் இ கஸ்தோன்'.

ஆரம்பத்தில் அங்கே கிடைத்தது பிரெஞ்சு சாப்பாடு. அன்றைய லிமாவில் 'நல்ல உணவகம்' என்றால் பிரெஞ்சு உணவகம்தான். உள்ளூர்ச் சாப்பாடு வீட்டுக்கும் தெருக்கடைக்கும் மட்டும் என்ற நினைப்பு. சில ஆண்டுகளில் அகூரியோ அதை மாற்றினார். சந்தையில் கிடைக்கும் மஞ்சள் மிளகாய், மலை உருளைக்கிழங்கு, உள்ளூர் மீன் எல்லாம் வெள்ளை விரிப்பு போட்ட மேசைக்கு ஏறின. 2013-ல் லத்தீன் அமெரிக்காவின் 50 சிறந்த உணவகங்கள் பட்டியல் முதன்முதலாக வந்தபோது, முதலிடம் இவர்களுக்குத்தான்.

மேசைக்கு என்னென்ன வரும்?

முதலில் செவிச்சே. கடல் மீனைச் சிறு துண்டுகளாக வெட்டி, எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகாய், சிவப்பு வெங்காயம் சேர்த்துப் பிசறியதும் பரிமாறிவிடுவார்கள். பக்கத்தில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பெரிய மணிச் சோளம். தட்டில் மிஞ்சும் வெள்ளைச் சாற்றுக்குப் பெயர் 'லெச்சே தே திக்ரே', அதாவது புலிப்பால்! ஐயப்பன் கதையில் புலிப்பால் கொண்டுவரக் காட்டுக்குப் போகவேண்டியிருந்தது. லிமாவில் சின்ன கிளாஸில் ஊற்றித் தருகிறார்கள். 2023 டிசம்பரில் செவிச்சே தயாரிக்கும் மரபை யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஒரு எச்சரிக்கை: எலுமிச்சைச் சாறு மீனின் நிறத்தையும் பதத்தையும் மாற்றுமே தவிர, நெருப்பைப்போல எல்லாக் கிருமிகளையும் கொல்லாது. அதனால்தான் செவிச்சேயைக் காலையில் வந்த மீனில் மதியமே சாப்பிடுவது லிமாக்காரர்களின் பழைய வழக்கம். செவிச்சே கடைகள் பலவும் மாலைக்குள் மூடிவிடும்.

அடுத்து 'லோமோ சால்தாதோ'. மாட்டிறைச்சி, வெங்காயம், தக்காளியை சோயா சாஸ் ஊற்றிப் பெரிய தீயில் புரட்டி, உருளை வறுவலும் சோறும் சேர்த்துத் தருவார்கள். 1849 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட சீனர்களின் கைப்பக்குவம் இது. 1899-ல் 'சகுரா மாரு' கப்பலில் ஜப்பானியர்கள் வந்தார்கள். அந்த வழியில் பிறந்த 'நிக்கேய்' சமையலைத்தான் மைதோவில் மித்சுஹாரு ட்சுமுரா பரிமாறுகிறார். சென்ட்ரலில் விர்ஹிலியோ மார்த்தினெஸும் அவர் மனைவி பியா லெயோனும் வேறு வழி பிடித்தார்கள். கடலுக்கு அடியில் தொடங்கி 4,000 மீட்டருக்கு மேலுள்ள மலை வரை, ஒவ்வொரு உயரத்தில் விளைவதும் ஒவ்வொரு தட்டாக வரும்.

நமக்கும் இந்த மேசைக்கும் பழைய உறவு இருக்கிறது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியக் கப்பல்கள் வழியாக வந்தவை. உருளைக்கிழங்கின் பிறந்த வீடு இந்த ஆண்டீஸ் மலைதான். 500 ஆண்டுகளுக்கு முன் நம்மூர்க் குழம்புக்குக் காரம் கொடுத்தது மிளகு. பதிலுக்கு, செவிச்சேவுக்குப் புளிப்பு தரும் எலுமிச்சை ஆசியாவிலிருந்து அங்கே போனது.

பார் மேடையில்...

குலுக்கப்பட்ட குவளையிலிருந்து வருவது 'பிஸ்கோ சவர்'. திராட்சைச் சாற்றை நொதிக்கவைத்து வடிப்பது பிஸ்கோ. அதோடு எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, முட்டை வெள்ளை, ஐஸ். மேலே வெண்ணுரை, அதன்மேல் கசப்புத் துளிகள் மூன்று. 1916-ல் லிமாவில் பார் திறந்த விக்டர் மோரிஸ் என்ற அமெரிக்கரின் கடையில் இது பிரபலமானது. பிஸ்கோ எங்களுடையது என்று பெருவும் சிலியும் இன்றும் சண்டை போடுகின்றன. பெருவில் பிப்ரவரி முதல் சனிக்கிழமை பிஸ்கோ சவர் தினம். (மது உடல்நலத்துக்குக் கேடு.)

குடிக்காதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் 'சிச்சா மொராதா' இருக்கிறது. ஊதாச் சோளத்தை அன்னாசித் தோல், பட்டை, கிராம்பு போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்த பானம். எந்த மேசையிலும் ஒரு ஜாடி இதைப் பார்க்கலாம்.

பில் வரும் நேரம்

2025 முதல் பெருவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,130 சோல். உலகப் பட்டியலில் முதலிடம் பிடித்த உணவகத்தில் ஒருவர் ஒருவேளை முழு விருந்து சாப்பிட 1,000 சோலுக்கு மேல் ஆகும். மீன் பிடிப்பவர், கிழங்கு தோண்டுபவர், பாத்திரம் கழுவுபவர் யாரும் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. சாப்பாட்டால் பெருமை பெற்ற நாட்டில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது.

பதில் சொல்ல நடந்த முயற்சிகளில் ஒன்று, லிமாவுக்கு வடக்கே வென்டனியாவின் பச்சகூத்தெக்கில் இருக்கிறது. மணல்மேடுகளில் குடிசை போட்டு மக்கள் குடியேறிய பகுதி அது. 2007-ல் அங்கே அகூரியோ ஒரு சமையல் பள்ளி தொடங்கினார். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே படித்துவிட்டு லிமாவிலும் வெளிநாடுகளிலும் பெரிய சமையலறைகளில் வேலைக்குப் போகிறார்கள்.

அதே வென்டனியா கடலில் 2022 ஜனவரியில் கச்சா எண்ணெய் கொட்டியது. 10,000 பீப்பாய்களுக்கு மேல். கரையோர மீனவர்கள் மாதக்கணக்கில் வலை வீச முடியவில்லை. செவிச்சே உலகப் பெருமை பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் இது நடந்தது. பள்ளிக்கூடம் ஒரு பிள்ளையைச் சமையல்காரராக்கலாம். அவருக்கு மீன் கொண்டுவரும் அப்பாவுக்குக் கடல் சுத்தமாக இருக்கவேண்டும்.

பெரிய உணவகத்தில் இடம் கிடைக்காதவர்கள் பசியோடு திரும்ப வேண்டியதில்லை. மதியம் லிமாவின் எந்தத் தெருவிலும் 'மெனூ' என்ற பலகை தொங்கும். ஒரு சூப், சோறோடு ஒரு தட்டு, ஒரு டம்ளர் பானம். 10 முதல் 20 சோலுக்குள் முடிந்துவிடும். ஆபீஸ்காரரும் டாக்ஸி டிரைவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். புறநகர்களில் பெண்கள் சேர்ந்து நடத்தும் பொதுச் சமையற்கூடங்களும் இன்றும் இருக்கின்றன. கொரோனா காலத்தில் பல குடும்பங்களுக்கு அவைதான் சோறு போட்டன.

மொயானோ நடத்திய அடுப்புகளின் வரிசையில் வந்தவை அவை. லிமா போகிறவர்கள் பர்ராங்கோவில் ஓர் இரவு சாப்பிடலாம். மறுநாள் மதியம் அந்தப் பெஞ்சிலும் ஓர் இடம் பிடிக்கவேண்டும்.

வீட்டிலேயே செய்யலாம்: காவ்சா

நான்கு உருளைக்கிழங்கை வேகவைத்துச் சூடாக மசித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் குடைமிளகாயும் ஒரு பச்சை மிளகாயும் வதக்கி அரைத்த விழுது, எலுமிச்சைச் சாறு, இரண்டு ஸ்பூன் எண்ணெய், உப்பு சேர்த்துப் பிசையுங்கள். ஒரு கிண்ணத்தில் பாதியைப் பரப்பி, பட்டர் ஃப்ரூட் துண்டுகளை அடுக்கி, மீதியால் மூடுங்கள். ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, தட்டில் கவிழ்த்தால் காவ்சா ரெடி. பெருவில் நடுவே கோழியோ சூரை மீனோ வைப்பதும் உண்டு.