64 பிட் வந்தும் தீராத 2038

“கணினிகள் எல்லாம் 64 பிட்டுக்கு மாறிவிட்டன, 2038 சிக்கல் தானாகவே தீர்ந்தது.” மென்பொருள் துறையில் இருப்பவர்களே நம்பிக்கையோடு சொல்லும் பேச்சு இது. முற்றிலும் தவறான பேச்சு.

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் 1970 ஜனவரி 1 முதல் கடந்த வினாடிகளை எண்ணித்தான் நேரம் கணக்கிடுகின்றன. அந்த எண்ணுக்குக் கழித்தல் குறியையும் சேர்த்து 32 பிட் மட்டும் ஒதுக்கியிருந்தால், இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடியோடு இடம் தீர்ந்துவிடும். அடுத்த வினாடி கணக்கு 1901 டிசம்பருக்குத் தாவும்.

எத்தனை பிட் என்பதைத் தீர்மானிப்பது சில்லு மட்டுமல்ல. கோப்பில் எப்படி எழுதி வைத்தார்கள், இரு நிரல்கள் தங்களுக்குள் எத்தனை பிட் என்று ஒப்புக்கொண்டன என்பதும்தான். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் ‘டைம்ஸ்டாம்ப்’ வகை, 64 பிட் சர்வரில் ஓடினாலும் அதே வினாடியில் நின்றுவிடுகிறது. கோப்பின் விவரங்களை வைக்கும் ஐநோடுகள் 128 பைட் அளவில் இருக்கும்படி உருவாக்கிய பழைய எக்ஸ்ட்4 கோப்பு முறைமையும் அப்படியே.

தானாகத் தீர்வதாக இருந்தால் ஓபன்பிஎஸ்டி இயங்குதளக் குழுவினர் அவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டாம். 2014 மே மாதம் வந்த 5.5 பதிப்பில், பழைய 32 பிட் கணினிகள் உட்பட எல்லாவற்றிலும் நேர வகையை 64 பிட்டாக்கினார்கள். அந்த ஒரு வகை பெருத்தால், அதைத் தாங்கிய தரவு அமைப்புகளில் பின்னால் வரும் புலங்கள் எல்லாம் இடம் நகரும். பழைய நிரல் தவறான இடத்தில் படிக்கும். அதனால் பழைய நிரல்களைக் கைவிட்டு, எல்லாவற்றையும் புதிதாகத் தொகுத்தார்கள். துணிச்சலான, சரியான முடிவு.

பழைய நிரல்களை முறிக்கக் கூடாது என்பது லினக்ஸ் கெர்னலின் கொள்கை. ஆகவே நிரல்கள் கெர்னலிடம் நேரம் கேட்கும் பழைய அழைப்புகளை விட்டுவைத்து, 2019இல் 5.1 பதிப்பில் 64 பிட் நேரத்துக்கான புதிய அழைப்புகளைப் பக்கத்தில் சேர்த்தார்கள். கெர்னலுக்கு மேலே இருக்கும் நூலகங்களும் மாறியாக வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் அந்த மாற்றத்தைத் தன் 32 பிட் ஆர்ம் கணினிகளுக்கு 2025இல் வந்த 13ஆம் பதிப்பில்தான் முடித்தது. பழைய நிரல்களை ஓட்டவே வைத்திருக்கும் ஐ386 பிரிவை மட்டும் வேண்டுமென்றே மாற்றவில்லை.

2038 தொலைவில் இருக்கிறதே என்பவர்கள் 2006 மே மாதத்தைப் பார்க்கட்டும். ஏஓஎல்சர்வர் என்ற வலை சர்வரில், கோரிக்கைகள் காலாவதியே ஆகக் கூடாது என்பதற்காக 100 கோடி வினாடி கெடு வைத்திருந்தார்கள். நிகழ்நேரத்தோடு அதைக் கூட்டியபோது எல்லை தாண்டி, சர்வர்கள் விழுந்தன. வருங்காலத் தேதியை 32 பிட்டில் கணக்கிடும் எந்த நிரலுக்கும் 2038 முன்கூட்டியே வந்துவிடும். இருபதாண்டு வீட்டுக் கடனின் கடைசித் தவணை இப்போதே அந்த எல்லைக்கு அப்பால்தான் விழுகிறது.

கணினி அமைப்புகளைப் பராமரிப்பவர்கள் ஒரு நகலை எடுத்து, அதன் கடிகாரத்தை 2038 ஜனவரி 20க்கு நகர்த்தி ஓட்டிப் பார்க்க வேண்டும். அன்றாடப் பயன்பாட்டில் இருக்கும் சர்வரில் அல்ல, நகலில். அதை இந்த ஆண்டே செய்யுங்கள்.