ஒட்டகத்தைக் கட்டிவிட்டீர்களா?

வடகிழக்குப் பருவமழைக் காலம் பிறந்துவிட்டால் நம் கடற்கரை ஊர்களில் ஒரு சொல் அடிக்கடி செவியில் விழும். "அல்லாஹ் நாடியதே நடக்கும்" என்பதே அது. இதில் ஐயம் கொள்ள எந்த முஸ்லிமுக்கும் இடமில்லை. ஆனால், அச்சொல்லை எப்பொழுது சொல்கிறோம் என்பதைத்தான் சிந்திக்க வேண்டும். செய்ய வேண்டியவற்றையெல்லாம் செய்து முடித்துவிட்டுச் சொன்னால் அது தவக்குல். எதுவும் செய்யாமல் திண்ணையில் அமர்ந்துகொண்டு சொன்னால், அது சோம்பலுக்குப் போர்த்திய போர்வையன்றி வேறென்ன?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புவதா, அவிழ்த்துவிட்டு நம்புவதா என்று ஒருவர் வினவியபோது, முதலில் அதைக் கட்டுமாறும் பிறகு நம்பிக்கை வைக்குமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியதை வழியிலேயே கேள்வியுற்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள், தம் கூட்டத்தாருடன் மதீனாவுக்குத் திரும்ப முடிவு செய்தார்கள். இறைவனின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து இறைவனின் மற்றொரு விதியை நோக்கியே செல்வதாக உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். அபாயம் வருமுன் இடம்விட்டு நகர்வது ஈமானின் குறைவன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

நாம் குடியிருக்கும் கரை எத்தகையது என்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வீசிய புயல், தனுஷ்கோடியை அழித்ததோடு, ஒரு பயணிகள் ரயிலையும் அதிலிருந்தவர்களோடு கடலுக்கு இரையாக்கிற்று. 1977 நவம்பரில் நாகைக் கரையைப் புயல் தாக்கியது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது காற்றுமில்லை, மழையுமில்லை; நாகை மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 6,000 உயிர்கள் பறிபோயின. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தென்னந்தோப்புகளை அடியோடு சாய்த்தது. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட இது மிகுதி. அன்று புயல் ஏதும் கரை கடக்கவில்லை. ஆகவே, துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக உறங்கிவிட முடியாது. பழைய அனுபவம் பயன்படும். ஆனால் அது மட்டும் போதாது.

நம்முடைய வங்கக் கடலின் மறுகரையில் நமக்கொரு பெரும் பாடம் இருக்கிறது. 1970 நவம்பர் 12 அன்று கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய புயலில் 3 லட்சம் முதல் 5 லட்சம் மக்கள் வரை மாண்டதாகக் கணக்கிடப்பட்டது. பங்களாதேஷ் பிறந்த பின் அந்நாட்டு அரசும் செஞ்சிலுவைச் சங்கத்தினரும் ஊர்தோறும் தொண்டர்களைத் திரட்டினர். ஒலிபெருக்கியும் கொடியும் ஏந்தி வீடு வீடாகச் செல்வதே அத்தொண்டர்களின் பணி. 1991 புயலில் மீண்டும் 1 லட்சத்துக்கு மேற்பட்டோர் மடிந்ததும், புயல் காப்பகங்கள் பெருமளவில் எழுப்பப்பட்டன. 2007இல் சிட்ர் என்னும் கடும்புயல் வந்தபோது இறந்தோர் தொகை ஏறத்தாழ 3,400. 2020இல் அம்பன் புயலுக்கு முன்னரே 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரை அந்நாடு பாதுகாப்பான இடங்களில் சேர்த்தது; இறந்தோர் தொகை நூறைக்கூட எட்டவில்லை. கடல் அதே கடல்தான். அம்மக்களின் ஈமானும் அதே ஈமான்தான். மாறியது ஒன்றே: அவர்கள் ஒட்டகத்தைக் கட்டக் கற்றுக்கொண்டார்கள்.

1991ஆம் ஆண்டுப் புயலில் மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. மாண்டவர்களில் ஆண்களைவிடப் பெண்களே மிகப் பலர். வீட்டு ஆண்மக்கள் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தவர்களும், அன்னிய ஆடவர் நிறைந்த காப்பகத்துக்குச் செல்ல நாணியவர்களும் அவர்களுள் இருந்தனர். இச்செய்தி நம் வீடுகளுக்கும் பொருந்தாதா? கணவர் துபாயில், மகன் சவூதியில். வீட்டில் முதிய தாயும் மருமகளும் பிள்ளைகளும் மட்டும் என்ற நிலை நம் ஊர்களில் எத்தனை தெருக்களில் காணப்படுகின்றது! வெள்ளம் வாசற்படி ஏறும் நேரத்தில் தொலைபேசித் தொடர்பு கிடைக்கும் என்பதற்கு யார் பொறுப்பு?

எனவே, வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களே! எச்சரிக்கை வந்ததும், உங்கள் மறுமொழிக்குக் காத்திராமல் வெளியேறும் உரிமை உங்கள் வீட்டுப் பெண்களுக்கு உண்டு என்பதை இன்றே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்மக்களுக்கே வீட்டை உரிமையாக்கும் வழக்கம் இருக்கின்றது. வீட்டை அவள் பெயரில் எழுதத் துணிந்த நாம், அவ்வீட்டை விட்டு உயிர்காக்க வெளியேறும் முடிவை மட்டும் நம் கையில் வைத்துக்கொள்வது முறையாகுமா?

சகோதரிகளே! வீட்டுப் பத்திரம், பாஸ்போர்ட், குடும்ப அட்டை, ஆதார், முதியோரின் மருந்துச் சீட்டு ஆகியவற்றை நீர் புகாத ஒரே பையில் வைத்திருங்கள். சில நாள்களுக்கான குடிநீர், மருந்து, உலர்ந்த உணவு, டார்ச் விளக்கு ஆகியன எட்டும் இடத்தில் இருக்கட்டும். தண்ணீர் ஏறத் தொடங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். புயலின் நடுவே காற்று திடீரென ஓய்ந்தால் வெளியே வராதீர்கள். அது புயலின் கண். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்பும். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால், வேடிக்கை பார்க்க நிற்காமல் மேட்டை நோக்கி விரையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்னும் எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

ஜமாஅத்தாருக்கும் கடமை உண்டு. எந்த வீட்டில் நடக்க இயலாத முதியவர், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி என்ற பட்டியல் பள்ளிவாசலில் இருக்க வேண்டும். மாடியுள்ள மதரஸாவோ திருமண மண்டபமோ அவர்களுக்கென ஒதுக்கப்பட்டு, பெண்களுக்குத் தனி இடம் வகுக்கப்பட வேண்டும். பள்ளிவாசலின் ஒலிபெருக்கி எச்சரிக்கையையும் ஒலிக்கட்டும். பழைய வாய்க்கால் எங்கே ஓடிற்று, எந்தக் குளம் தூர்ந்து மனையாயிற்று என்பதை ஊர்ப் பெரியவர்கள் இளைஞர்களுக்குக் காட்டட்டும். தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. காக்கும் கரம் அண்டை வீட்டாரின் மதம் பார்க்கலாகாது. சுனாமி நாளில் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர் மீனவச் சகோதரர்களுக்கு உணவளித்து உதவியது நினைவில் நிற்கட்டும்.

இன்று ஜும்ஆ தொழுதபின் இறைவனிடம் பாதுகாப்பு வேண்டிக் கையேந்துங்கள். வீடு திரும்பியதும் அந்தப் பையை எடுத்துக் கட்டுங்கள். இரண்டும் இபாதத்தே.

வல்ல இறைவன் நம்மையும் நம் ஊர்களையும் காத்தருள்வானாக! ஆமீன்.