பேய் வீடும் பதுங்குகுழியும்

ஒக்டோபர் 31 நெருங்குகையில், கனடாவின் சில பாடசாலைகளில் ஒரு வகுப்பறை 'பேய் வீடு' ஆகிவிடுகின்றது. அந்நியர் வழக்கம் என்று எம்மவர் சிலர் பிள்ளைகளைத் தடுத்துவிடுகின்றனர். அது தேவையற்றது. அச்சமூட்டும் அக்கலையினுள் அறிவியலும் உண்டு. 1862இல் இலண்டன் மேடையில் ஜோன் ஹென்றி பெப்பர் காட்டிய 'ஆவி', மறைந்து நின்ற நடிகரின் உருவம் சாய்ந்த கண்ணாடித் தகட்டில் தெறித்துத் தோன்றியதே. இருளும் கைவிளக்கும் தெளிந்த பிளாஸ்ரிக் தகடும் இருந்தால் மாணவரும் அதனைச் செய்யலாம்.

ஆனால் வெடியோசையும் அபாயச் சங்கும் வேறு. பதுங்குகுழிகளில் இரவுகளைக் கழித்த எம்மைப் போன்றோர்க்கு அவை வேடிக்கையல்ல, நினைவு. இன்று அதே வகுப்புகளில் சிரியாவிலிருந்தும், 2022இன் பின்னர் உக்ரைனிலிருந்தும் வந்த பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர். விட்டுவிட்டு மின்னும் ஒளியோ சிலருக்கு வலிப்பையே தூண்டவல்லது.

ஆகவே பெற்றோரே, விலகி நில்லாது பாடசாலைக்குச் செல்லுங்கள். நிழலும் ஆவியும் இருக்கட்டும், குண்டொலி வேண்டாம் என்று எடுத்துரையுங்கள். வாசலில் முன்னறிவிப்பும், இடையில் வெளியேற ஒரு வழியும் கேளுங்கள். நினைத்தபோது வெளியேற முடிந்தால்தான் அச்சம் விளையாட்டாகும். அவ்வழி அன்று எமக்கு இருக்கவில்லை, இப்பிள்ளைகளுக்கு இருக்கட்டும்.