எக்ஸ்யூவி 500: அடிஸ்கேல் வைத்து வரி போட்ட கதை

டிஸ்கி: எனக்குக் கார் கிடையாது, பஸ் பாஸ்தான். எந்தக் கார் கம்பெனிக்கும் நான் கொடி பிடிக்கவில்லை. இது கார் விமர்சனமும் அல்ல. நின்றுபோன ஒரு காரை சாட்சிக் கூண்டில் ஏற்றி, நம் வரிச் சட்டத்தைக் குறுக்கு விசாரணை செய்யும் பதிவு.

மஹிந்திரா எக்ஸ்யூவி 500-ஐ எல்லோருக்கும் தெரியும். 2011 செப்டம்பரில் வந்தது. ஜீப்பும் பொலேரோவும் ஸ்கார்பியோவும் செய்துகொண்டிருந்த கம்பெனி, தானே வடிவமைத்த முதல் மோனோகாக் எஸ்யூவி. அதாவது லாரி மாதிரி தனிச் சட்டத்தின் மேல் பாடியைத் தூக்கி வைக்காமல், பாடியும் சட்டமும் ஒன்றாகவே செய்யப்பட்ட வண்டி. உருவாக்கியது நம்ம சென்னைப் பக்கம், செங்கல்பட்டு மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் இருக்கும் ஆராய்ச்சி மையத்தில். தயாரித்தது புனே அருகே சாக்கன் ஆலையில். 2,179 சிசி டீசல், 140 குதிரைத்திறன், ஏழு இருக்கை, ஆரம்ப விலை டெல்லி ஷோரூமில் 10.80 லட்சம். புக்கிங் குவிந்ததில் அதை நிறுத்தி வைத்து, பிறகு குலுக்கல் போட்டு வண்டி கொடுக்க வேண்டிய நிலை. சினிமா முதல் நாள் டிக்கெட் மாதிரி!

அடுத்த பத்து வருடத்தில் இந்த வண்டிக்கு நடந்ததுதான் நம் விஷயம்.

முதல் வெட்டு: தரையிலிருந்து எவ்வளவு உயரம்?

2013 பிப்ரவரி பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் எஸ்யூவிகளுக்கான கலால் வரியை 27 சதவீதத்திலிருந்து 30 ஆக உயர்த்தினார். சாலையிலும் பார்க்கிங்கிலும் அதிக இடம் பிடிக்கின்றனவாம். சரி, எது எஸ்யூவி? நீளம் 4,000 மி.மீ.க்கு மேல், எஞ்சின் 1,500 சிசிக்கு மேல், தரை இடைவெளி 170 மி.மீ. அல்லது அதற்கு மேல். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் எஸ்யூவி.

நீளமும் எஞ்சினும் மாற்ற முடியாதவை. மூன்றாவது? எக்ஸ்யூவி 500-ன் தரை இடைவெளி 200 மி.மீ. அதே 2013-ல் அது 160 ஆனது. அவ்வளவுதான், வண்டி எஸ்யூவி பட்டியலிலிருந்து வெளியே!

வரிக்கு முன் 10 லட்சம் மதிப்புள்ள வண்டி என்று வைத்துக்கொண்டால் மூன்று சதவீதம் என்பது 30,000 ரூபாய். இதைக் கம்பெனியின் கள்ளத்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பி.காம். படிப்பவனுக்கு முதலில் சொல்லித் தருவதே வரி ஏய்ப்பு வேறு, சட்டத்துக்கு உட்பட்டு வரியைக் குறைப்பது வேறு என்பதுதான். என் கேள்வி கம்பெனியிடம் இல்லை, சட்டத்திடம். சாலையில் அதிக இடம் பிடிக்கிறது என்பதற்காகப் போட்ட வரி இது. வண்டி நான்கு செ.மீ. கீழே இறங்கியதில் சாலையில் எத்தனை இடம் மிச்சமானது? நீளம் அதேதான், அகலம் அதேதான். குறைந்தது, வேகத்தடையைத் தாண்டும் தெம்பு மட்டும்தான்.

இன்னொரு வேடிக்கை. டாக்ஸியாகப் பதிவு செய்த எஸ்யூவிக்கு இந்த உயர்வு கிடையாது. டாக்ஸி மட்டும் காற்றில் பார்க் ஆகுமோ?

2014 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் அதே சிதம்பரம் எஸ்யூவி வரியை 24 ஆகக் குறைத்தார். 2015 ஜனவரியில் அது மறுபடி 30-க்குத் திரும்பியது. ஒரு வண்டியை உருவாக்க நான்கைந்து வருடம் ஆகும். வரி விகிதமோ இரண்டு வருடத்துக்குள் மூன்று முறை மாறுகிறது. இதை நம்பி எந்தப் பொறியாளர் எதைத் திட்டமிடுவது?

இரண்டாவது வெட்டு: எஞ்சின்

2015 டிசம்பர் 16. டெல்லி காற்று மாசுக்காக, தலைநகரப் பகுதியில் 2,000 சிசியும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களைப் பதிவு செய்ய உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. எக்ஸ்யூவி 500 மாட்டிக்கொண்டது. 1,995 சிசி டீசல் போட்ட பி.எம்.டபிள்யூ தப்பித்தது.

மஹிந்திரா என்ன செய்தது? 2016 ஜனவரியிலேயே 1.99 லிட்டர் எஞ்சினைக் கொண்டுவந்தது. அதே டீசல், அதே 140 குதிரைத்திறன். சுமார் இருநூறு சிசி குறைந்ததும் வண்டி சட்டப்படி சுத்தமாகிவிட்டது. டெல்லிக் குழந்தையின் நுரையீரலுக்கு 2,179-க்கும் 1,990-க்கும் வித்தியாசம் தெரியுமா? புகைக்குழாயிலிருந்து என்ன வருகிறது என்று அளக்கக் கருவி இருக்கிறது. அதை விட்டுவிட்டு சிலிண்டருக்குள் எவ்வளவு இடம் என்று அளந்தால் இப்படித்தான் ஆகும். 2016 ஆகஸ்டில் ஷோரூம் விலையில் ஒரு சதவீதக் கட்டணத்தோடு தடை நீங்கியது.

மூன்றாவது வெட்டு: ஜி.எஸ்.டி.

2017 ஜூலை 1. இனிமேல் எல்லாம் எளிமை என்றார்கள். பெரிய கார்களுக்கும் எஸ்யூவிக்கும் 28 சதவீத வரி, 15 சதவீத செஸ், மொத்தம் 43. விலை குறைந்தது, சந்தோஷம். முழுசாக இரண்டரை மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பரில் எஸ்யூவி செஸ் 22 ஆகி மொத்தம் 50-ஐத் தொட்டது. அளவுகோல் மட்டும் அதே பழைய 4,000, 1,500, 170. தரை இடைவெளியை ஆள் ஏற்றி அளப்பதா, காலியாக அளப்பதா என்ற சந்தேகம் 2023 வரை நீடித்து, அந்த ஜூலையில்தான் காலி வண்டி என்று ஜி.எஸ்.டி. கவுன்சில் தெளிவுபடுத்தியது.

அதற்குள் எக்ஸ்யூவி 500-ன் கதையே முடிந்துவிட்டது. 2021 ஆகஸ்டில் எக்ஸ்யூவி 700 அறிமுகமாக, பழையது விடைபெற்றது. வரிதான் அதைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. பத்து வருடம் ஓடிய வண்டிக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பத்து வருடத்தில் செங்கல்பட்டுப் பொறியாளர்களின் உழைப்பில் ஒரு பகுதி, வண்டியைச் சிறப்பாக்குவதற்குப் பதில் சட்டத்தின் அடிஸ்கேலுக்குப் பொருத்துவதில் போனது. அதுதான் என் ஆத்திரம்.

"பணக்காரன் வண்டிதானே, கட்டட்டுமே!"

கட்டட்டும், தாராளமாக. நான் வரியே வேண்டாம் என்பவன் அல்ல. வண்டி அதிகப் புகை விட்டால் புகைக்கு வரி போடுங்கள். அதிக டீசல் குடித்தால் டீசலுக்குப் போடுங்கள். சாலையைத் தேய்த்தால் எடைக்குப் போடுங்கள். விலை அதிகம் என்பதுதான் உறுத்தல் என்றால் நேராக விலைக்கே போடுங்கள். எதைத் தண்டிக்க நினைக்கிறீர்களோ அதை அளக்க வேண்டும். அளக்க எளிது என்பதற்காக வேறொன்றை அளந்தால், அந்த வேறொன்று மட்டும்தான் மாறும்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய், பெரிய கார்களுக்கு நேரடியாக 40 சதவீதம். தரை இடைவெளித் தகராறுக்கு ஒருவழியாக வேலை இல்லாமல் போனது, நல்லது. ஆனால் 2006 பட்ஜெட்டில் பிறந்த நான்கு மீட்டர் கோடு அப்படியே நிற்கிறது. 4,000 மி.மீ.க்குள், பெட்ரோல் 1,200 சிசி அல்லது டீசல் 1,500 சிசிக்குள் இருந்தால் 18 சதவீதம். கோட்டைத் தாண்டினால் 40.

கணக்கு போடுவோம். வரிக்கு முன் 10 லட்சம் மதிப்புள்ள, ஒரே எஞ்சின் கொண்ட இரண்டு கார்கள். ஒன்று 3,999 மி.மீ., மற்றது 4,001. முதலாவதுக்கு வரி 1.8 லட்சம், இரண்டாவதுக்கு 4 லட்சம். இரண்டு மில்லிமீட்டரின் விலை 2.2 லட்சம் ரூபாய்! தங்கம்கூட இந்த விலைக்கு விற்பதில்லை :)

மாருதி டிசையர் 2012-ல் பின்பக்கத்தைக் குறைத்துக்கொண்டு 3,995 ஆனது இதனால்தான். மஹிந்திராவே சுமார் 4.2 மீட்டர் நீளமுள்ள சாங்யோங் டிவோலியை அடிப்படையாக எடுத்து, 2019-ல் 3,995 மி.மீ. எக்ஸ்யூவி 300 ஆக்கியதும் இதனால்தான். நம் ஊர்க் குடும்பங்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது மடியில் வைத்துக்கொண்டு போகும் பைக்கு, டிக்கியில் இடம் இல்லாமல் செய்தது டிசைனர் அல்ல, நிதி அமைச்சகத்தின் அடிஸ்கேல்.

அந்த ஸ்கேலைப் பிடுங்கி ஏதாவது ஐந்தாம் வகுப்புப் பையனிடம் கொடுங்கள். அவனாவது அதை வைத்துக் கோடு நேராகப் போடுவான்.